கருங்கடலிலிருந்து பட்டுக்கோட்டைக்கு

மரியே வாழ்க

கருங்கடல் கரை,
சோவியத் நாடு
12.3.1991

அன்புள்ள அக்னஸுக்கு,

குழந்தைராஜ் எழுதுவது. 'நீ' என்று எழுதுவதா 'நீங்கள்' என்று எழுதுவதா என்று புரியாமல் இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். நிச்சயத்தன்று நான் உன்னிடம் பேசியதே ஒரு வாக்கியம்தான், "காபி சூடா இருக்கு" என்று. அதுவும் உனக்குக் கேட்டதோ இல்லையோ. 'நீ' என்றே எழுதுகிறேன். பிடிக்கவில்லை என்றால் பதிலில் சொல்லிவிடு.

குளிரைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. ஊர்ப் பேரையும் கப்பல் பேரையும் எழுதக் கூடாது என்று உத்தரவு. உறையின் மேல் இருக்கும் பம்பாய் கப்பற்படை அஞ்சல் விலாசத்துக்கு எழுதினால் எப்படியாவது என் கைக்கு வந்துவிடும்.

நேற்றுதான் கப்பலைப் பார்த்தேன். ஈஸ்டர் முடிந்து நடக்க வேண்டிய நம் கல்யாணத்தை செப்டம்பருக்குத் தள்ளிவிட்ட கப்பல் இதுதான். உனக்கு அதன் மேல் கோபம் இருக்கலாம். எனக்கும் இருந்தது, அதை நேரில் பார்க்கும்வரை.

சின்னக் கப்பல். பெரிய கப்பல்களில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் "இதுதானா" என்று உதட்டைப் பிதுக்கினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாம்பல் நிறம், கூர்மையான மூக்கு, முன்னால் ஒரு பீரங்கி. மேல்தளத்தில் இரண்டு பக்கமும் குழாய் குழாயாக ராக்கெட் அடுக்கு. அந்த ராக்கெட் ஆகாயத்தில் எதையும் அடிப்பதற்கு இல்லை. பறந்துபோய்க் கடலில் விழுந்து, முங்கி, ஆழத்தில் வெடிக்கும். ஏனென்றால் இந்தக் கப்பலை ஒரே வேலைக்காகத்தான் கட்டியிருக்கிறார்கள்: தண்ணீருக்கு அடியில் ஒளிந்து வருகிற நீர்மூழ்கியைத் தேடிப் பிடிப்பது. தேடும் கருவிக்கு சோனார் என்று பேர். தண்ணீருக்குள் சத்தத்தை அனுப்பி, அது எதன் மேலாவது பட்டுத் திரும்பி வருவதைக் கேட்க வேண்டும். அந்தக் கருவிக்கு முன்னால் காதுக்கருவி மாட்டி உட்காரப் போகிறவன் நான்.

இன்னொன்று கேள். இது கடற்கரையில் கட்டிய கப்பலே இல்லை. கடலை விட்டு வெகுதூரம் உள்ளே, வோல்கா ஆற்றங்கரையில் கட்டி, ஆறும் கால்வாயுமாக, மதகு மதகாகத் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள். கல்லணைக் கால்வாயில் ஒரு போர்க்கப்பல் மிதந்துவந்து எங்கள் பூதலூர் பக்கம் நிற்பதாக நினைத்துப் பார். அப்பா மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்திருப்பார்.

எங்கள் சமையற்காரர் மூஸா அண்ணன் முத்துப்பேட்டைக்காரர். ஊர்ப் பேச்சுக்கு ஒரு ஆள் கிடைத்தார். அவர் உனக்கு சலாம் சொல்லச் சொன்னார்.

பதில் எழுதுவாய் என்று எதிர்பார்க்கும்,
குழந்தைராஜ்

*

மரியே வாழ்க

பட்டுக்கோட்டை
9.4.1991

மரியாதைக்குரியவருக்கு,

அக்னஸ் எழுதுவது. 'நீ' என்றே எழுதலாம். காபி சூடாக இருந்தது என்று நீங்கள் சொன்னது எனக்குக் கேட்டது. காபி போட்டது நான் இல்லை, சித்தி. அதனால் பாராட்டை அவரிடம் சேர்த்துவிட்டேன்.

உறையைப் பிரித்தது அப்பா. தேங்காய் மண்டியில் உட்கார்ந்து ராக்கெட் வரைக்கும் படித்திருக்கிறார். பிறகு வீட்டுக்கு வந்து, "இது ஒனக்கு வந்த லெட்டர்தானாம்மா?" என்று கேட்டுக் கையில் கொடுத்துவிட்டார். இனிமேல் உங்கள் கடிதங்களை அவர் பிரிக்கமாட்டார். அப்படியே எழுதுங்கள்.

நான் வாரம் முழுவதும் தஞ்சாவூரில் ஆஸ்பத்திரி விடுதியில்தான். சனிக்கிழமை பஸ் பிடித்து வீட்டுக்கு வருகிறேன். எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு ஸ்கேன் மிஷின் வாங்கியிருக்கிறார்கள். வயிற்றில் இருக்கும் குழந்தையைச் சத்தத்தை வைத்தே படம் பிடிக்கிறது. காதுக்குக் கேட்காத சத்தம். உங்கள் சோனாரும் அதுவும் ஒரே தத்துவம்தான் என்று டாக்டர் சொன்னார். ஒரு சந்தேகம். குழந்தை எங்கேயும் ஓடாது. நீர்மூழ்கியில் இருப்பவனுக்கும் காது உண்டே. நீங்கள் சத்தம் அனுப்பினால் அவனுக்குக் கேட்டுவிடாதா? முதலில் அவன்தான் உங்களைக் கண்டுபிடிப்பான் என்று எனக்குத் தோன்றுகிறது. தப்பாகக் கேட்டிருந்தால் சிரிக்க வேண்டாம்.

என் கூட வேலை பார்க்கும் லின்சி மஸ்கட்டுக்கு மனுப் போட்டிருக்கிறாள். குவைத் சண்டை முடிந்த கையோடு அங்கெல்லாம் நர்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். விடுதி முழுக்க இதே பேச்சு.

அங்கே குளிருக்குக் கம்பளிக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள். மூஸா அண்ணனுக்கும் என் சலாம்.

இப்படிக்கு,
அக்னஸ்

*

மரியே வாழ்க

கருங்கடல் கரை
6.5.1991

அன்புள்ள அக்னஸ்,

உன் கேள்வியை எடுத்துக்கொண்டு நான் நேராக லுத்மிலா மேடத்திடம் போனேன். இந்தக் கப்பலுக்கு சோனாரை மாட்டிச் சரிபார்த்துக் கொடுக்கும் எஞ்சினியர் அவர். என்னைவிடப் பத்து வயது பெரியவராக இருக்கலாம். மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்குமுன்பே மேசையைத் தட்டினார். "வந்த நாளா ஒங்க ஆளுங்க யாரும் இதைக் கேக்கலையே. யார் கேட்டது?" என்றார். எனக்கு நிச்சயித்திருக்கும் பெண், நர்ஸ் என்றேன். "நல்ல மூளை" என்றார். அன்றைக்கு முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

நீ நினைத்தது சரி. நாம் அனுப்பும் சத்தம் மோதித் திரும்பி நமக்கு வந்து சேருவதற்கு முன்பே, அதைவிட எவ்வளவோ தூரத்தில் இருப்பவனுக்குக் கேட்டுவிடும். அதனால் பாதி நேரம் எதையும் அனுப்பாமல் சும்மா கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அவன் சத்தம் நமக்குக் கேட்க வேண்டும், நம் சத்தம் அவனுக்குக் கேட்கக் கூடாது. எஞ்சின்களை ரப்பர் மெத்தை மேல் உட்கார வைத்திருப்பதெல்லாம் அதற்குத்தான்.

இதைவிட ஆச்சரியம் ஒன்று இருக்கிறது. கடல் ஒரே தண்ணீர் இல்லை. மேலே வெயில் பட்ட வெதுவெதுப்பான தண்ணீர், கீழே குளிர்ந்த தண்ணீர். இரண்டும் சந்திக்கும் இடத்தில் சத்தம் வளைந்துவிடும். நீர்மூழ்கி அதற்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டால் மேலிருந்து தேடுகிறவனுக்குத் தெரியவே தெரியாது. இதற்கு வடிவமைப்பாளர்கள் ஒரு வழி செய்திருக்கிறார்கள். கப்பலின் பின்பக்கம் ஓர் அறை கட்டி, இன்னொரு சோனாரை வடத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். கப்பலை நிறுத்திவிட்டு, கிணற்றில் வாளி விடுகிற மாதிரி அதைக் குளிர்ந்த தண்ணீருக்குள் இறக்க வேண்டும். ஒளிந்திருப்பவன் படுத்திருக்கும் அறைக்குள்ளேயே நம் காதைக் கொண்டுபோய் வைத்தது போல. முதல் தடவை இறக்கிக் கேட்டபோது எனக்குப் புல்லரித்துவிட்டது.

இனி மூஸா அண்ணன் கதை. அடுப்பறையில் ரொட்டி சுட அடுப்பு இருக்கிறது, சூப்புக்கு அண்டா இருக்கிறது, மாவரைக்க இடமில்லை. அண்ணன் பம்பாயிலிருந்து சாமானோடு சாமானாக ஒரு கிரைண்டரை ஏற்றி அனுப்பியிருக்கிறார். அதைத் தரையில் முடுக்கித் தரச் சொன்னார். கட்டும் தளத்துக்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அதன் எடை என்ன, ஆட்டம் என்ன, சத்தம் தண்ணீருக்குள் போகுமா என்று வரைபடம் போடும் அறையில் ஒரு வாரம் விவாதம். கடைசியில் கிரைண்டருக்கும் ரப்பர் மெத்தை போட்டு, கப்பலின் வரைபடத்திலேயே சேர்த்துவிட்டார்கள். ரஷ்ய எழுத்தில் 'கிரைண்டர்' என்று போட்டிருக்கிறது. நானே பார்த்தேன்.

அடுத்த மாதம் நிஜ நீர்மூழ்கியோடு பரீட்சை. எனக்காக ஜெபித்துக்கொள்.

அன்புடன்,
குழந்தைராஜ்

*

மரியே வாழ்க

தஞ்சாவூர்
2.6.1991

அன்புள்ளவருக்கு,

கிரைண்டர் கதையை விடுதியில் உரக்கப் படித்தேன். லின்சி சிரித்ததில் புரை ஏறிவிட்டது. லுத்மிலா மேடத்துக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். என் கேள்விக்கு மேசையைத் தட்டிய முதல் ஆள் அவர்தான்.

இங்கே வெயில் கொளுத்துகிறது. மேட்டூர் திறப்பு இந்த வருஷம் தள்ளிப்போகும் என்று பேசிக்கொள்கிறார்கள். உங்கள் அப்பா பம்புசெட் தண்ணீரில் நாற்று விட்டுவிட்டாராம். போன ஞாயிற்றுக்கிழமை பூண்டி மாதா கோயிலில் உங்கள் அம்மாவைப் பார்த்தேன். கப்பல் பையன் எப்படி இருக்கிறான் என்று ஊரே கேட்கிறதாம்.

இப்போது எழுதப்போவதை நிதானமாகப் படியுங்கள்.

லின்சிக்குத் துணையாக மெட்ராஸ் நேர்முகத் தேர்வுக்குப் போனேன். அங்கே தேர்வு நடத்திய அம்மாள், "நீயும் நர்ஸ்தானே, சும்மாதானே ஒக்காந்திருக்கே, வா" என்று என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். இருதய நோயாளிகளைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னேன். போன வாரம் ஆஸ்பத்திரி விலாசத்துக்குத் தந்தி வந்தது. என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மஸ்கட்டில் பெரிய ஆஸ்பத்திரி, இருதய சிகிச்சைப் பிரிவு, இரண்டு வருஷ ஒப்பந்தம்.

சம்பளத்துக்காக மட்டும் ஆசைப்படவில்லை. பாடப் புத்தகத்தில் படமாக மட்டும் பார்த்த கருவிகள் அங்கே ஒவ்வொரு கட்டிலுக்கும் இருக்கின்றனவாம். நின்றுபோன இருதயத்தைத் திரும்ப ஓடவைக்கும் வேலையில் நானும் ஒரு கை கொடுப்பேன். நீங்கள் சோனாரை இறக்கியபோது புல்லரித்தது என்று எழுதினீர்களே, தந்தியைப் பிரித்தபோது எனக்கு அதேதான்.

ஆனால் நிச்சயத்தன்று உங்கள் அம்மா, "கல்யாணத்துக்கப்புறம் வேலைக்கெல்லாம் போக வேணாம்" என்று சொன்னார்கள். அப்போது நானும் தலையாட்டினேன். இப்போது ஆட்ட முடியுமா என்று தெரியவில்லை. உங்கள் மனதில் என்ன இருக்கிறது? வீட்டில் இன்னும் சொல்லவில்லை. உங்கள் பதில் வந்த பிறகுதான் சொல்லப்போகிறேன்.

காத்திருக்கும்,
அக்னஸ்

*

மரியே வாழ்க

கருங்கடல் கரை
1.7.1991

அன்புள்ள அக்னஸ்,

பிடித்துவிட்டோம். நிஜ நீர்மூழ்கி. பிடித்தது நான்.

முதலிலிருந்து சொல்கிறேன். காலையில் கடலுக்குப் போனோம். சோவியத் நீர்மூழ்கி ஒன்று முன்பே போய் எங்கேயோ முங்கிவிட்டது. பகல் பொழுதுக்குள் நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். கப்பலை நிறுத்தி, சோனாரை இறக்கினோம். காதில் ஒரு சத்தம். விட்டு விட்டு இல்லை, சீராக, கரகரவென்று. "சத்தம் இருக்கு சார்" என்றேன். கேப்டன் ஓடி வந்தார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். எந்தத் திசை என்று பார்த்தால் எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது. லுத்மிலா மேடம் ஒரு காதுக்கருவியை வாங்கிக் கேட்டார். பிறகு மெதுவாக அடுப்பறைப் பக்கம் கையைக் காட்டினார். மூஸா அண்ணன் அடுத்த நாள் இட்லிக்குக் கிரைண்டரைப் போட்டுவிட்டிருந்தார். கேப்டன் கத்தியது துறைமுகத்துக்கே கேட்டிருக்கும். தேடும் நேரத்தில் மாவரைக்கக் கூடாது என்று இப்போது கப்பலில் எழுதி ஒட்டியிருக்கிறது.

அதற்குப் பிறகுதான் நிஜ வேட்டை. இரண்டு இடத்தில் இறக்கினோம், ஒன்றுமில்லை. மூன்றாவது இடத்தில் வடத்தை இன்னும் கீழே விடச் சொன்னேன். காற்றில் தூரத்து நெல்லு மிஷின் கேட்குமே, அந்த அளவுக்கு ஒரு துடிப்பு. கேட்டதா, கேட்டதாக நினைத்தேனா என்றே தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். மறுபடியும் வந்தது. இப்போது சத்தம் அனுப்பினோம். 'டிங்' என்று சுத்தமாகத் திரும்பி வந்தது. அவன் உடனே திரும்பி ஓடினான். வழியில் குமிழிகளைக் கக்கி ஏமாற்றப் பார்த்தான். நான் விடவில்லை. அவன் திரும்பத் திரும்ப நானும் திசை சொல்லிக்கொண்டே இருந்தேன், தொண்டை கட்டிவிட்டது. கடைசியில் அவனே தோற்றேன் என்று மேலே வந்தான். கடல் பிளந்து அந்தக் கறுப்பு முதுகு எழும்பியதே, அதை உனக்கு எப்படிச் சொல்வேன். அதன் மேலே ஒரு ஆள் ஏறி நின்று எங்களுக்கு சல்யூட் அடித்தான்.

கேப்டன் என் தோளைத் தட்டி, "தஞ்சாவூரா நீ?" என்று கேட்டார். பூதலூர் என்றேன்.

மஸ்கட் விஷயம் படித்தேன். அதை ஊருக்கு வந்து பேசிக்கொள்ளலாம். செப்டம்பருக்குள் அதற்கு என்ன அவசரம் இருக்கிறது.

சந்தோஷத்தில் திளைக்கும்,
குழந்தைராஜ்

*

தஞ்சாவூர்
28.7.1991

திரு. குழந்தைராஜ் அவர்களுக்கு,

நீர்மூழ்கியைப் பிடித்ததற்கு என் வாழ்த்துகள். உண்மையாகவே சந்தோஷம்.

என் கடிதத்தில் ஒரு பக்கம் கிரைண்டரைப் பற்றியும் மேட்டூரைப் பற்றியும் இருந்தது. மீதி முழுவதும் என் வாழ்க்கையைப் பற்றி இருந்தது. அதற்கு எனக்குக் கிடைத்தது மூன்று வரி. தூரத்து நெல்லு மிஷின் சத்தம் உங்களுக்குக் கேட்கிறது.

செப்டம்பரில் பேச முடியாது. ஆகஸ்ட் முடிவதற்குள் நான் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போகும். இந்த வேலையைப் பற்றி இது என் இரண்டாவது கடிதம். மூன்றாவது எழுதமாட்டேன்.

அக்னஸ்

*

மரியே வாழ்க

கருங்கடல் கரை
24.8.1991

அன்புள்ள அக்னஸ்,

உன் கடிதம் பதினெட்டாம் தேதி வந்தது. மறுநாள் காலையில் இந்த நாட்டில் ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்தார்கள். வானொலியில் நீயும் கேட்டிருப்பாய். எங்களை முகாமுக்குள் வைத்துக் கதவைப் பூட்டிவிட்டார்கள். தபால் நின்றுவிட்டது. டிவியில் காலையிலிருந்து நடனம் காட்டிக்கொண்டிருந்தார்கள், செய்தி சொல்ல ஆளில்லை. எங்கள் கப்பல் கரையில் தனியாக நின்றது. அதைக் கொடுப்பார்களா, கொடுக்கமாட்டார்களா, கொடுக்க வேண்டியது யார் என்றே யாருக்கும் தெரியவில்லை. இப்போது அடங்கிவிட்டது. ஆனால் செப்டம்பரில் ஊர் திரும்புவது நடக்காது. நம் கல்யாணம் மறுபடியும் தள்ளிப்போகிறது.

பூட்டிக் கிடந்த நாட்களில் உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். உன் கோபம் நியாயம். நான் வேறு ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று லுத்மிலா மேடம் வேலைக்கு வந்தார். தளத்தில் சம்பளம் வந்து பல நாளாயிற்று, சோப்பும் சர்க்கரையும் கொடுத்து அனுப்புகிறார்கள். ஆனாலும் வந்து சோனாரைப் பிரித்துப்போட்டு வேலை செய்கிறார். "அந்தக் கேள்வி கேட்ட பொண்ணு வேறென்ன கேட்டுச்சு?" என்றார். மஸ்கட் வேலையைச் சொன்னேன். கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போவதாக இல்லை என்பதையும் சொன்னேன்.

"அவங்க சொன்னாங்களா?"

"எங்கம்மா சொன்னாங்க."

"நீ என்ன சொன்னே?"

மொழிபெயர்ப்பாளர் என் பதிலுக்காகக் காத்திருந்தார். நான் கீழே கிடந்த ஒரு திருகாணியைப் பொறுக்கி மேடத்திடம் நீட்டினேன். மேடத்தின் கணவர் வடக்கே பனிக்கடலில் வேலை பார்க்கிறார். வருஷத்தில் இரண்டு தடவை சந்திக்கிறார்களாம். கஷ்டமில்லையா என்று கேட்டேன். "கஷ்டம்தான். அதுக்காக நான் இதை விட்டுட்டு அங்க போய் பனியை எண்ணிக்கிட்டு ஒக்காரணுமா?" என்று திருப்புளியைத் தூக்கிக் காட்டினார்.

அக்னஸ், நீ போ. நான் கடலிலேயே பாதி வருஷம் இருக்கப்போகிறவன். அந்த நாட்களில் நீ பூதலூரில் உட்கார்ந்து என் கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டும் என்று யார் முடிவு செய்தது என்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. கல்யாணத்தை எப்போது முடியுமோ அப்போது வைத்துக்கொள்வோம். அப்பா அம்மாவுக்கு நானே எழுதுகிறேன்.

எங்கள் அதிகாரி ஒருவர் டில்லிக்குப் போகிறார். அவர் கையில் இதைக் கொடுக்கிறேன். முப்பத்தொன்றுக்குள் உன் கைக்குக் கிடைக்க வேண்டும்.

உன்,
குழந்தைராஜ்

*

மஸ்கட்
16.9.1991

குழந்தைராஜ் அவர்களுக்கு,

மூன்றாவது கடிதம் எழுதமாட்டேன் என்றேன். எழுதுகிறேன். சொல்லாமல் போய்விட்டாள் என்று நீங்கள் நினைக்கக் கூடாது.

முப்பதாம் தேதி வரை தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே நடந்த கலவரத்தைக் கேட்டு உங்களுக்கு என்ன ஆயிற்றோ என்று பூண்டி மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். அதே நாள் அங்கிருந்து நேராக உங்கள் வீட்டுக்குப் போனேன்.

அத்தை களத்தில் நின்றிருந்தார்கள். "என்னம்மா, தனியாவா வந்தே?" என்றார்கள்.

"தனியாத்தான் அத்தை. மஸ்கட்ல வேலை கெடைச்சிருக்கு. நாளைக்குக் கையெழுத்துப் போடப்போறேன். மத்தவங்க வாயால ஒங்க காதுக்கு வரக்கூடாதுன்னு நானே சொல்ல வந்தேன்."

கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்கள். பிறகு, "அவன்கிட்ட கேட்டியா?" என்றார்கள்.

"கேட்டேன் அத்தை. கப்பலைப் பத்தித்தான் பதில் வருது."

அத்தை சிரித்துவிட்டார்கள். "அவங்கப்பா டிராக்டர் வாங்குன வருசம் இப்படித்தான். எனக்கு ஜுரம்னு சொன்னா, எஞ்சினுக்கு எண்ணெய் ஊத்தணும்பாரு" என்றார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேலைக்குப் போக வேணாம்னு சொன்னேன்தான். எனக்கு யாரும் போன்னோ போகாதேன்னோ சொல்ற அளவுக்கு ஒரு வேலை இருந்ததில்ல. இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பேனோ" என்றார்கள்.

மாமா ஒப்புக்கொள்ளவில்லை. நிச்சயம் செய்த பெண் கடல் தாண்டிப் போவதா, பேசாமல் முறித்துவிடலாம் என்றார். "முறிக்கிறதா இருந்தா எம் மகன் வாயால சொல்லட்டும்" என்று அத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டிலும் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். மாதா பிறந்தநாளன்று, எட்டாம் தேதி, லின்சியோடு விமானம் ஏறினேன். இங்கே வந்து ஒரு வாரம்தான் ஆகிறது, நேற்று என் கண் முன்னால் ஒரு பெரியவருக்கு இருதயம் நின்று, மின்சாரம் கொடுத்து, திரும்ப ஓடியது. திரையில் அந்தக் கோடு எழும்பியபோது நான் லின்சியின் கையை நசுக்கிவிட்டேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. முதலில் நினைவுக்கு வந்தது நீங்கள்தான். அதனால் கோபமும் வந்தது.

வேண்டாம் என்றால் மாமாவுக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். மோதிரத்தை அப்பாவிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். வருத்தப்படுவேன், ஆனால் திரும்பி வரமாட்டேன்.

அக்னஸ்

*

மரியே வாழ்க

கருங்கடல் கரை
20.11.1991

என் அன்பு அக்னஸ்,

என் ஆகஸ்ட் கடிதம் உன்னைத் தவறவிட்டிருக்கிறது. டில்லியில் எங்கே சுற்றிக் கிடந்ததோ. இதற்குள் பட்டுக்கோட்டைக்குப் போய், அங்கிருந்து உங்கள் அப்பா உனக்குத் திருப்பி அனுப்பியிருப்பார் என்று நம்புகிறேன். கிடைத்திருந்தால் அதன் மேலே உள்ள தேதியைப் பார்த்துக்கொள். போ என்றுதான் எழுதியிருந்தேன். என் வார்த்தைக்குக் காத்திராமல் நீ போனாய் என்பதைப் படித்தபோது முதலில் சுருக்கென்றது. பிறகு யோசித்தேன். என் கடிதம் சரியான நாளில் வந்திருந்தால், நான் அனுப்பி நீ போனதாக ஊரில் பேசியிருப்பார்கள். இது இப்படி நடந்ததுதான் சரி.

அப்பாவுக்கு எழுதிவிட்டேன். ஒரே வரி: 'அக்னஸைத்தான் கட்டுவேன், அவள் வேலையோடு.' பதில் நேற்று வந்தது. 'சரி. சம்பா நட்டாயிற்று. உடம்பைப் பார்த்துக்கொள்' என்று அவரும் ஒரே வரி எழுதியிருக்கிறார்.

இன்று கப்பல் நம்முடையதாகிவிட்டது. காலையில் கரையில் அணிவகுத்தோம். முதலில் அவர்கள் கொடியை இறக்கினார்கள். கட்டும் தளத்து ஆட்கள் எல்லோரும் பழைய கோட்டுகளைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். மடித்த கொடியை யாரிடம் கொடுப்பது என்று ஒரு நிமிடம் தடுமாறினார்கள், பிறகு ஒரு கிழவர் வாங்கிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். அடுத்து நம் கொடி ஏறியது. கடல் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. அழக் கூடாது என்று நின்றேன். பக்கத்தில் மூஸா அண்ணன் தாராளமாக அழுதுகொண்டிருந்தார்.

லுத்மிலா மேடம் என் காதுக்கருவியை ஒரு தடவை துடைத்துக் கொடுத்தார். "இந்த நாடு அடுத்த வருசம் இருக்குமான்னு தெரியல. நாங்க செஞ்சது ஒங்க கடல்ல ஓடட்டும்" என்றார். கை கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

கிளம்பும் நாளை எழுத முடியாது. எந்தத் துறைமுகங்களில் நிற்போம் என்பதையும் எழுத முடியாது. உன் வார்டின் தொலைபேசி எண்ணை உடனே அம்மாவுக்கு எழுது. நான் அம்மாவிடமிருந்து வாங்கிக்கொள்கிறேன். அந்தப் பெரியவர் எப்படி இருக்கிறார்? திரையில் கோடு எப்படி எழும்பியது என்பதை முழுவதும் எழுது. எத்தனை பக்கமானாலும் படிப்பேன்.

உன்,
ராஜ்

*

மரியே வாழ்க

மஸ்கட்
14.1.1992

என் அன்பு ராஜ்,

நீங்கள் போய் இரண்டு நாளாயிற்று. இன்று பொங்கல். விடுதியில் தமிழ்ப் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து பொங்கல் வைத்தோம்.

வார்டில் போன் அடித்து, "இண்டியன் நேவி" என்று மேட்ரன் கூப்பிட்டபோது ஏதோ விபத்து என்று நினைத்துவிட்டேன். நீங்கள் "துறைமுகத்துல நிக்கிறேன்" என்றீர்கள். நான் "எந்தத் துறைமுகம்" என்று கேட்டேன். "நீ இருக்கற ஊரு" என்றீர்கள். அதற்குப் பிறகு நான் என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை. மேட்ரன் மறுநாள் விடுப்புக் கொடுத்து, தன் காரையே கொடுத்து அனுப்பினார்.

நேரில் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். லின்சியும் நானும் கரையில் நின்று பார்த்தபோது அந்தக் கப்பல் என் மனதில் இருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. இவ்வளவுதானா என்று எனக்கும் தோன்றியது, மன்னியுங்கள். உள்ளே இறங்கி உங்கள் அறையைப் பார்த்த பிறகு மாறிவிட்டது. எங்கள் மருந்து அலமாரி அளவு இடம். நீங்கள் உட்கார்ந்து காட்டினீர்கள், முழங்கால் இடித்தது. கப்பலில் மற்றவர்கள் நடக்க, தூங்க, சாப்பிட என்று வைத்திருக்கும் இடத்தையெல்லாம் குறைத்துக் குறைத்து, கேட்கும் கருவிகளுக்குத்தான் இடம் கொடுத்திருக்கிறார்கள். அதைக் கட்டியவர்களை நினைத்துக்கொண்டேன். அவர்கள் நாடே இப்போது இல்லை. லுத்மிலா மேடத்துக்கு யாராவது சம்பளம் கொடுக்கிறார்களோ என்னவோ.

சாப்பிடும்போது உங்கள் கேப்டன், "எங்க ஆளு பேசினாரா இல்லையா?" என்று கேட்டார். "பேசறாரு சார்" என்றேன். உண்மையில் நீங்கள்தான் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். அந்தப் பெரியவரின் பேர் என்ன, மின்சாரம் எவ்வளவு கொடுப்பார்கள், எனக்குப் பயமாக இல்லையா என்று. மூஸா அண்ணன் மூன்று தடவை சோறு போட்டுவிட்டு, "ரெண்டு பேரும் தட்டைப் பாருங்கப்பா" என்றார்.

மோதிரம் பட்டுக்கோட்டையில் இருக்கிறது என்றதும் உங்கள் முகம் போன போக்கைப் பார்த்தேன். அப்பாவுக்கு எழுதிவிட்டேன், பூட்டி வைக்காமல் வெளியே எடுத்து வைக்கச் சொல்லி.

நேற்றுக் காலை வார்டு ஜன்னலிலிருந்து கடல் தெரிகிறதா என்று பார்த்தேன். தெரியாது, கட்டிடம் மறைக்கிறது. ஆனாலும் நின்றேன்.

மே மாதம் எனக்கு ஒரு மாத விடுப்பு உண்டு. உங்களுக்கும் கிடைக்கும் என்று கேப்டன் என் முன்னாலேயே சொன்னார். அதனால் நாள் பார்க்கச் சொல்லி அத்தைக்கும் அப்பாவுக்கும் இன்றைக்கே எழுதுகிறேன். விடுப்பு முடிந்ததும் நான் இங்கே வந்துவிடுவேன், நீங்கள் கடலுக்குப் போய்விடுவீர்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகு என்ன என்பதை அப்போது இருவரும் உட்கார்ந்து பேசுவோம்.

ஒன்று மட்டும் பங்குச் சாமியாருக்கு நானே தனியாக எழுதியிருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பார்களே, அதில் மாப்பிள்ளை பேரோடு 'இந்தியக் கப்பற்படையில் பணிபுரியும்' என்று சேர்த்து வாசிப்பார்கள். பெண்ணுக்கு இன்னாருடைய மகள் என்பதோடு நிறுத்திவிடுவது வழக்கம். என் பேரோடு 'மஸ்கட் ஆஸ்பத்திரி இருதயப் பிரிவில் செவிலியராகப் பணிபுரியும்' என்று வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். மூன்று ஞாயிறும், ஒரு சொல் விடாமல். பூதலூர்க் கோயிலிலும் அப்படியே வாசிக்க வேண்டும். அங்கே சொல்லிவைக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

உங்கள்,
அக்னஸ்